பிரஷ்லெஸ் டிரக்கில் பல் கணக்கு: மோட்டார் ஏன் கொதிக்கிறது?

உங்கள் கம்ப்யூட்டர் கேபினட்டைத் திறந்து ப்ராசசர் மேல் சுற்றும் ஃபேனைப் பாருங்கள். அது ஒரு பிரஷ்லெஸ் மோட்டார். பழைய ஹார்டு டிஸ்க்கில் தட்டைச் சுற்றுவதும் அதே வகைதான். வருஷக்கணக்கில் ஓடினாலும் கார்பன் தேய்ந்தது என்ற பேச்சே வராது, ஏனென்றால் அதில் கார்பன் பிரஷ்ஷே கிடையாது. ரிமோட்டில் ஓடும் இப்போதைய வேகமான டிரக்குகளிலும் இந்த வகை மோட்டார்தான் இருக்கிறது. ஆனால் கேபினட் ஃபேன் சூடாகிச் செத்ததாக நாம் கேள்விப்படுவது அபூர்வம். டிரக் மோட்டார் மட்டும் ஒரே மாலையில் செத்துவிடும். என் கையாலேயே ஒன்றைக் கொன்றிருக்கிறேன். அந்தக் கதையையும், அதற்குப் பிறகு நான் போட்ட ஒர்க்ஷீட்டையும் இந்தப் பாடத்தில் தருகிறேன்.

டிரக் என் அக்கா பையனுடையது. பத்தில் ஒரு பங்கு அளவுள்ள டிராக்ஸஸ் ஸ்லாஷ் ஃபோர் பை ஃபோர் விஎக்ஸ்எல். நான்கு சக்கரத்துக்கும் இழுவை உண்டு. இரண்டு வருடம் சேர்த்த பணத்தில் வாங்கினான். டிசம்பர் லீவில் வேலூரில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, "மாமா, இன்னும் கொஞ்சம் ஸ்பீடா ஓட வைக்க முடியுமா?" என்று கேட்டான். கம்ப்யூட்டரை ஓவர்கிளாக் செய்து பழகிய கை சும்மா இருக்குமா? பெட்டியில் வந்த 13 பல் பினியனைக் கழற்றிவிட்டு 16 பல் பினியன் போட்டேன். பறந்தது. மே மாதம் அதே டிரக், அதே பினியன், ஆனால் புதிய பெரிய பேட்டரி. இருபதாவது நிமிடத்தில் வேகம் குறைந்தது, பிறகு நின்றது. ஆற வைத்து மறுபடி ஓட்டினால் சத்தம் முன்பைவிடக் கூர்மையாக வந்தது, இழுவை மட்டும் இல்லை. சின்ன மேட்டில் கூட ஏறவில்லை.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பினியன், ஸ்பர், மொத்த விகிதம்

மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் பினியன். அது சுற்றும் பெரிய பல்சக்கரம் ஸ்பர் கியர். இந்த டிரக்கில் பினியன் 13, ஸ்பர் 54. அதற்குப் பிறகு டிஃபரன்ஷியலில் இன்னொரு குறைப்பு இருக்கிறது, அது 2.85. மூன்றையும் சேர்த்தால், மோட்டார் ஏறக்குறைய 11.84 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். இதைத்தான் மொத்த விகிதம் என்கிறோம். பினியனில் பல் கூடினால் இந்த எண் குறையும், வண்டி வேகம் பிடிக்கும்.

கியர் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். சமதரையில் ஹெவி கியரில் மிதித்தால் பறக்கலாம். அதே கியரில் பாலம் ஏறிப் பாருங்கள், தொடை எரியும். பினியனில் பல் கூட்டுவது ஹெவி கியர் போடுவது. எரிய வேண்டிய தொடைக்குப் பதிலாக இங்கே செம்புக் கம்பி இருக்கிறது.

மோட்டார் மேல் 3500 கேவி என்று போட்டிருக்கும். பலர் இதை மூவாயிரத்து ஐந்நூறு கிலோவோல்ட் என்று படித்துவிட்டு மிரள்கிறார்கள். அப்படி அல்ல. சுமை இல்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 3500 சுற்று என்பதுதான் பொருள். இரண்டு செல் லைபோ பேட்டரி 7.4 வோல்ட், மூன்று செல் 11.1 வோல்ட். முதலாவதில் 25,900 சுற்று, இரண்டாவதில் 38,850 சுற்று.

ஒர்க்ஷீட் போடுவோம்

எக்செல் இருந்தால் எக்செல், இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க். புதிய ஷீட் திறந்து ஏ காலத்தில் பெயர்களையும் பி காலத்தில் எண்களையும் அடியுங்கள். பி1-ல் பினியன் பல், 13. பி2-ல் ஸ்பர் பல், 54. பி3-ல் உள் விகிதம், 2.85. பி4-ல் கேவி, 3500. பி5-ல் வோல்ட், 11.1. பி6-ல் டயர் விட்டம் மில்லிமீட்டரில், 109. டயரை நீங்களே அளந்து போடுங்கள், தேய்ந்த டயர் சிறியதாக இருக்கும்.

இப்போது பி8-க்குப் போய் ஈக்வல் குறி போட்டு, பி2-ஐ பி1-ஆல் வகுத்து பி3-ஆல் பெருக்குங்கள். என்டர் தட்டியதும் 11.84 வர வேண்டும். இது மொத்த விகிதம். பி9-ல் பி4-ஐயும் பி5-ஐயும் பெருக்கி பி8-ஆல் வகுங்கள். சுமார் 3,282 வரும். இது சக்கரம் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று. பி10-ல் பி9, பி6, 3.1416, 60 நான்கையும் பெருக்கி, பத்து லட்சத்தால் வகுங்கள். 67.4 வரும். மணிக்கு இத்தனை கிலோமீட்டர்.

இது தாளில் உள்ள வேகம், தரையில் இவ்வளவு வராது. கேவி என்பதே சுமை இல்லாத கணக்கு. தரையும் காற்றும் பிடித்து இழுக்கும், சுமை ஏறியதும் பேட்டரி வோல்ட்டும் சரியும். இரண்டு செல் பேட்டரியில் ஷீட் 45 என்றது. செல்போனை பஞ்சில் சுற்றி டிரக் உள்ளே வைத்து ஜிபிஎஸ்ஸில் பார்த்தபோது 38 வந்தது. (போனை வைத்து நீங்கள் இதைச் செய்ய வேண்டாம். என் போன் பழையது.)

பி1-ல் 13-ஐ அழித்து 16 போடுங்கள். வேகம் 83 ஆகிறது. இதைப் பார்த்துத்தான் நான் மயங்கினேன். அன்று ஷீட்டில் இல்லாத செல் பி11. அதுதான் இந்தப் பாடத்தில் முக்கியமானது.

வெப்பம் இரண்டு மடங்கு ஏறும் வழி

வண்டியை நகர்த்த சக்கரத்தில் ஒரு அளவு முறுக்கு விசை வேண்டும். பினியனை 13-லிருந்து 16 ஆக்கினால், அதே விசைக்கு மோட்டார் 16/13 மடங்கு, அதாவது 1.23 மடங்கு முறுக்க வேண்டும். இந்த மோட்டார்களில் முறுக்கு விசையும் கரண்ட்டும் ஒன்றுக்கொன்று நேர் விகிதம். ஆக, கரண்ட்டும் 1.23 மடங்கு. ஆனால் கம்பியில் உண்டாகும் வெப்பம் கரண்ட்டின் வர்க்கத்துக்கு விகிதம். 1.23-ஐ 1.23-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1.51. மூன்றே பல், கம்பியில் வெப்பம் ஒன்றரை மடங்கு. 19 பல் போட்டால் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும்.

டயரும் ஒரு கியர்தான், இதை மறக்காதீர்கள். பார்க்க கம்பீரமாக இருக்கிறதே என்று 109-க்குப் பதில் 142 மில்லிமீட்டர் டயர் மாட்டினால் பினியனைத் தொடாமலேயே வெப்பம் சுமார் 1.7 மடங்கு. அந்த டயரின் எடை தனி.

எனவே பி11-ல் இப்படிப் போடுங்கள்: பி1-ஐ 13-ஆல் வகுத்து அதன் வர்க்கம், பி6-ஐ 109-ஆல் வகுத்து அதன் வர்க்கம், இரண்டையும் பெருக்க வேண்டும். 13 பல், 109 டயர் என்றால் விடை 1. வேறு எதைப் போட்டாலும் கம்பி வெப்பம் எத்தனை மடங்கு என்று அதுவே சொல்லும்.

இது தோராயம்தான். மூன்று செல் பேட்டரி போட்டு வேகம் கூடும்போது காற்றின் இழுவை வேகத்தின் வர்க்கத்தில் கூடுவது இதில் இல்லை. மோட்டாரின் இரும்பில் ஏற்படும் நஷ்டமும் இதில் இல்லை. அது சுற்று கூடக் கூட ஏறும். இதனால்தான் பினியனை மிகவும் சின்னதாக்கி, எப்போதும் முழு த்ராட்டிலிலேயே ஓட்டினாலும் சில மோட்டார்கள் சூடாகின்றன. ஆனால் என்னிடம் வந்த கேள்விகளில் பத்துக்கு ஒன்பது பெரிய பினியன் கேஸ்தான்.

உள்ளே செத்தது எது?

மோட்டாரை எங்கள் தெருவில் மிக்ஸி, போர்வெல் மோட்டார் ரீவைண்டிங் செய்பவரிடம் கொண்டுபோனேன். முகர்ந்து பார்த்தார். "வார்னிஷ் கருகின வாடையே இல்லையே சார், காயில் நல்லாத்தான் இருக்கு" என்றார். சாதாரண மல்டிமீட்டரால் இதைச் சரிபார்க்கவும் முடியாது. மூன்று ஒயர்களுக்கு இடையே ரெசிஸ்டன்ஸ் சில மில்லி ஓம் தான், நல்ல காயிலும் ஷார்ட் மாதிரியே காட்டும். அவர் தண்டை விரலால் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல பிடிப்பே இல்லையே" என்றார். அங்கேதான் விஷயம் இருந்தது. பிறகு புது மோட்டார் வந்ததும் இரண்டையும் கையில் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். புதியது டக், டக் என்று படிப்படியாக நின்று நின்று சுற்றியது. பழையது வழவழவென்று ஓடியது. காந்தம் போய்விட்டது.

இந்த டிரக்கின் பிரஷ்லெஸ் மோட்டாரில் காயில் வெளிக்கூட்டோடு ஒட்டி அசையாமல் இருக்கும். நடுவில் சுற்றும் ரோட்டாரில் நியோடிமியம் காந்தம். இந்தக் காந்தம் பலசாலி, ஆனால் சூடு தாங்காது. அதன் சாதாரண தரத்துக்கு 80 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. மோட்டாருக்கென்று வரும் உயர்ந்த தரங்கள் 120, 150, 180 டிகிரி வரை தாங்கும். எந்தத் தரம் உள்ளே இருக்கிறது என்று பெட்டியில் அச்சிடுவதில்லை. எல்லையைத் தாண்டினால் காந்தம் தன் வலுவில் ஒரு பகுதியை நிரந்தரமாக இழக்கும். ஆறினாலும் திரும்பாது.

அப்புறம் ஒரு விஷச் சுழல் ஆரம்பிக்கும். காந்தம் பலவீனமானால் ஒரு ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்கு விசை குறையும். அதே வேலைக்கு அதிக கரண்ட் இழுக்கும், இன்னும் சூடாகும், காந்தம் இன்னும் பலவீனமாகும். போதாததற்கு செம்பின் ரெசிஸ்டன்ஸ் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் ஏறுகிறது. 25 டிகிரியில் இருந்த கம்பி 100 டிகிரிக்குப் போனால் கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடுதல் ரெசிஸ்டன்ஸ், அதே அளவு கூடுதல் வெப்பம். சத்தம் கூர்மையானதற்கும் காரணம் இதுதான். காந்தம் குறைந்தால் கேவி கூடும். சும்மா சுற்றும்போது வேகமாகச் சுற்றும், சுமை வந்தால் படுத்துவிடும்.

பொய் சொன்ன தெர்மாமீட்டர்

நான் அளக்காமல் ஓட்டவில்லை. அதுதான் வேடிக்கை. துப்பாக்கி போல இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் என்னிடம் உண்டு, ஹீட்சிங்க் சூடு பார்க்க வாங்கியது. டிசம்பரில் ஓட்டி முடித்ததும் மோட்டாரைக் குறிவைத்தேன், 48 காட்டியது. மே மாதம், மோட்டார் சாவதற்குப் பத்து நிமிடம் முன்பு, 58 காட்டியது. 80 வரை போகலாமே என்று தைரியமாக ஓட்டச் சொன்னேன்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஒரு பக்கம் மட்டும் கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். கொதிக்கும் தண்ணீரை ஊற்றி ஒரு நிமிடம் விட்டு, டேப் மேல் ஒரு முறை, வெறும் எவர்சில்வர் மேல் ஒரு முறை அளங்கள். என் டம்ளரில் டேப் மேல் 84, பக்கத்தில் வெறும் உலோகத்தில் 41. ஒரே டம்ளர், ஒரே தண்ணீர்!

பளபளப்பான உலோகம் தன் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வெளியிடுவது மிகக் குறைவு. கண்ணாடி போல அறையின் சூட்டைத்தான் பிரதிபலிக்கிறது. விலை குறைந்த தெர்மாமீட்டர்கள் பெயின்ட், தோல், மரம் போன்ற மங்கலான பரப்புக்குக் கணக்கு வைத்தவை. ஆகவே மோட்டார் கூட்டின் மேல் ஒரு சதுர சென்டிமீட்டர் கருப்பு டேப் ஒட்டி அதையே எப்போதும் அளக்கவும். சிவப்புப் புள்ளி வெறும் குறிகாட்டிதான், அளக்கும் வட்டம் அதைவிடப் பெரியது. எனவே டேப்புக்கு மிக அருகில் வைத்து அளக்க வேண்டும். விரலால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 60 டிகிரி உலோகத்தில் விரலைச் சில விநாடி வைத்தாலே கொப்புளம் வரும், அதற்கு மேல் 70-ஆ 100-ஆ என்று விரலுக்குத் தெரியாது.

இன்னொன்று. வண்டி நின்ற உடனே ஒரு முறை, இரண்டு நிமிடம் கழித்து ஒரு முறை அளங்கள். காற்றோட்டம் நின்றுவிடுவதால் உள்ளே இருக்கும் சூடு கூட்டுக்கு வந்து, இரண்டாவது அளவு பெரும்பாலும் கூடவே இருக்கும். பெரிய எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். கூடு 80 என்றால் உள்ளே அதைவிட அதிகம். இந்தப் பொழுதுபோக்கில் உள்ளவர்கள் 160 முதல் 180 டிகிரி ஃபாரன்ஹீட் என்று எல்லை சொல்வார்கள், அது 71 முதல் 82 செல்சியஸ். நான் 75-ல் நிறுத்திவிடுகிறேன்.

சூடு அல்ல, ஏற்றம்

புது மோட்டார் வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரம் ஆனது. என் செலவு, வேறு வழி? இந்த முறை 13 பல்லே போட்டு, மூன்று செல் பேட்டரியில், பள்ளி மைதானத்தின் காய்ந்த புல் மேல் பன்னிரண்டு நிமிடம் ஓட்டினோம். மாலை ஐந்தரை மணி, காற்றின் சூடு 36. டேப் மேல் 81.

நிறுவனம் கொடுத்த பினியன்தான், ஆனாலும் 81. ஏன்? 81-லிருந்து 36-ஐக் கழியுங்கள், 45. மோட்டார் தானாக ஏற்றிக்கொண்ட சூடு இது. டிசம்பர் காலையில் எங்கள் ஊரில் 22 டிகிரி இருக்கும்போது இதே ஓட்டம் 67-ல் நின்றிருக்கும். மே மதியம் 41-ல் 86. வண்டியில் ஒரு ஸ்க்ரூ கூட மாறவில்லை. ப்ராசசருக்கும் இதே கணக்குதான், கோடையில் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆவதை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். எனவே நோட்டில் மோட்டார் சூட்டை மட்டும் எழுதினால் பயனில்லை. காற்றின் சூட்டையும் பக்கத்தில் எழுதி, கழித்து வரும் ஏற்றத்தைத்தான் பார்க்க வேண்டும். தரையும் சேர்த்து எழுதுங்கள். புல்லும் மணலும் கான்கிரீட்டைவிட மோட்டாரை அதிகம் வதைக்கும்.

அன்று பையனையே ஷீட்டில் கணக்குப் போடச் சொன்னேன். 11 பல் போட்டால் பி11 எவ்வளவு? 0.72. 45-ஐ 0.72-ஆல் பெருக்கினால் 32. அதனுடன் 36, மொத்தம் 68. "வேகம் 57-க்கு இறங்கிடுதே மாமா" என்றான். இறங்கட்டும்டா என்றேன். 11 பல் மாட்டி, மறுநாள் அதே நேரம், அதே மைதானம், அதே பன்னிரண்டு நிமிடம். காற்று 36. மோட்டார் 71. ஷீட் சொன்னதைவிட மூன்று டிகிரி கூட. இரும்பு நஷ்டம் பினியனோடு சேர்ந்து குறைவதில்லை என்று மேலே சொன்னேனே, வித்தியாசம் அதனால்தான் வந்திருக்கும். வீட்டுக் கணக்குக்கு இது போதும்.

நீங்கள் பினியன் மாற்றும்போது ஒரு பல்தான் மாற்ற வேண்டும், இரண்டு மூன்று என்று தாவக்கூடாது. மாற்றியதும் முதலில் ஐந்து நிமிடம் மட்டும் ஓட்டி அளக்கவும். ஐந்து நிமிடத்திலேயே 70-ஐத் தொட்டால் அந்தப் பல் உங்களுக்கில்லை. பல் இறுக்கத்துக்கு ஒரு பழைய வழி: பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவில் நோட்டுப் பேப்பர் துண்டைச் செருகி, மோட்டாரை அழுத்திப் பிடித்து ஸ்க்ரூவை முறுக்கி, பேப்பரை உருவுங்கள். அந்த இடைவெளி போதும். அதைவிட நெருக்கமாக வைத்தால் பல்லே பிரேக் போல உரசி மோட்டாரைச் சூடாக்கும், தளர்வாக வைத்தால் ஸ்பர் பல் சிதறும். ஒரு சக்கரத்தைக் கையால் தள்ளிப் பாருங்கள், கரகரவென்று நின்றால் பேரிங் மணல் தின்றிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எந்தப் பினியன் போட்டும் பயனில்லை.

கூட்டின் மேல் கவ்விக்கொள்ளும் ஹீட்சிங்க்கும் ஃபேனும் 36 மில்லிமீட்டர் மோட்டாருக்குக் கிடைக்கின்றன. காயில் கூட்டோடு ஒட்டியிருப்பதால் இது உண்மையிலேயே வேலை செய்கிறது. எங்களுக்கு ஆறேழு டிகிரி குறைந்தது. ஆனால் காந்தம் நடுவில் இருக்கிறது, அதன் சூடு வெளியே வர நேரமாகும். ஹீட்சிங்க் மாட்டிய பிறகு 75 என்ற என் எல்லையை 70-க்கு இறக்கிவிட்டேன். ஒரு பேட்டரி முடிந்ததும் அடுத்ததை உடனே மாட்டாமல், டேப் 45-க்கு இறங்கும்வரை காத்திருக்கிறோம். மே மாதத்தில் அதற்கு இருபது நிமிடம் ஆகிறது. அந்த இருபது நிமிடம் பையனுக்குப் பொறுக்கவே மாட்டேன் என்கிறது. போன வாரம் டிரக்கைத் தூக்கிக்கொண்டு போய் மேஜை ஃபேன் முன்னால் வைத்திருந்தான். பதினோரு நிமிடத்தில் 44 வந்துவிட்டது என்று நோட்டில் அவனே எழுதியும் வைத்திருக்கிறான்.